மன்னிக்காத பேயின் பக்கம்

எங்கள் துறைமுக ஊரின் பொதுக் குளியலகத்தில் கல்லாவில் உட்காருபவர் மிசாவோ அக்கா. வயது அறுபத்திரண்டு. நான் அங்கே ஊரார் இறங்கிக் குளிக்கும் வெந்நீர்த் தொட்டிகளைக் கழுவுகிறவள். ஆள் வராத நேரமெல்லாம் அவர் மடியில் ஒரு பேய் நாவல் விரிந்திருக்கும். வெந்நீர் ஆவியில் ஊறி எல்லாப் புத்தகமும் உப்பிப்போயிருக்கும்.

அதில் ஒன்றைப் பதினோரு தடவை படித்திருந்தார். மாமியார் கிணற்றில் தள்ளிவிட்ட மருமகள் அந்தியானால் ஈரத்தோடு வந்து, அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் சோறு வைத்துவிட்டுப் போகிறாள். கடைசிப் பக்கம் வரை வாயே திறப்பதில்லை. அந்தக் கதையைப் படமாக எடுக்க எங்கள் ஊருக்கே வந்தார்கள். ஊர் குதூகலித்தது. கடைத்தெருச் சங்கத் தலைவர் ஒரிதா, பேய்முகம் அச்சிட்ட பலகாரம்கூட விற்றார்.

படம் தயாரானதும் ஊர் அரங்கிலேயே முதல் காட்சி, ஒரு ஞாயிறு மதியம். படத்து மருமகள் கத்தினாள், சுவரில் ஏறினாள், முடிவில் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். மன்னித்துவிட்டாளாம். அரங்கு முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். இயக்குநர் மேடையேறி, யாராவது இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார். மிசாவோ எழுந்தார்.

"கிணத்துல தண்ணி சொட்டுற சத்தம் நெஜமாவே பயமா இருந்துச்சு. அதுக்கு நன்றி. ஆனா அவ எதுக்குங்க மன்னிக்கணும்? புத்தகத்துல மன்னிக்கவே இல்லியே!"

"ஜனங்க மனசு நெறைஞ்சு வீட்டுக்குப் போகணும்ல, அம்மா?"

"பேய்ப் படத்துக்கு வந்தவங்களுக்கு மனசு எதுக்கு நெறையணும்? என் மாமியாரை நான் இன்னிக்கு வரைக்கும் மன்னிக்கல. நல்லாத்தான் தூங்குறேன்."

மறுநாளே ஒரிதா வந்து நின்றார். "ஊர் மானத்தை வாங்கிட்டியே! மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு."

"எழுதுறேன்" என்றார் மிசாவோ. மூன்று பக்கம் எழுதினார், படம் எங்கெங்கே பயந்து பின்வாங்கியது என்று. அதைப் பெண்கள் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டினார். ஒரிதாவால் அங்கே கால் வைக்க முடியுமா?

"நமக்கெதுக்கு வம்பு, எடுத்துரு" என்று முதலாளியும் கேட்டுப் பார்த்தார்.

"என்னையும் சேர்த்து எடுத்துருங்க." முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

கிழித்து வரச் சொல்லித் தன் மனைவி இக்குயோவை அனுப்பினார் ஒரிதா. இக்குயோ துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தார். பிறகு கல்லாவுக்கு வந்து மெதுவாகக் கேட்டார்: "அந்தப் புத்தகம் கிடைக்குமா, அக்கா?"

ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "நேத்து நானும் வாயத் திறக்காம சோறு வச்சேன். மனுஷனுக்கு ரெண்டு வாய்க்கு மேல இறங்கல."

நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் தொட்டியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

படம் இரண்டே வாரத்தில் அரங்கைவிட்டுப் போய்விட்டது. புத்தகத்துக்கு ஒன்பது பேர் காத்திருந்தார்கள். இலையுதிர் காலத்தில் இன்னொரு பேய் நாவல் படமாகி வந்தது. மிசாவோ முதல் நாளே சீட்டு வாங்கிவிட்டார்.

"பிடிக்காதுன்னு தெரிஞ்சும் ஏன்க்கா போறீங்க?" என்று கேட்டேன்.

"பார்க்காம எப்படிடி திட்டுறது?"