வேணியின் மேக்ரோவும் பொன்ராஜின் தூக்கமும்

குன்னூரில் என் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பாதி இடம் தங்கச்சி வேணிக்கு. போர்டுக்கு ஈயம் வைப்பது நான். அதற்குள் ஓடும் புரோகிராமை, சிப்புக்கு நேராகக் கட்டளை சொல்லும் அசெம்ப்ளரில் எழுதுவது அவள். டீ ஃபேக்டரி டிரையருக்குப் பழைய சிப்பே போதும். ஆனால் அதில் நினைவிடம் ரொம்பக் குறைவு, எண் வைக்கும் ஒவ்வொரு அறையையும் பார்த்துப் பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டும்.

அவள் ஒரு மேக்ரோ எழுதி வைத்திருந்தாள். ஒருமுறை எழுதிப் பெயர் வைத்துவிட்டால், வேண்டிய இடத்திலெல்லாம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், கட்டளைகள் தாமாக வந்து உட்காரும். எண்ணை அப்படியே எடுப்பது, அறையின் முகவரிக்கு நேராகப் போவது, முகவரியை வேறோர் இடத்தில் வைத்து அதன் வழியாகப் போவது, எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அவளுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. கோயில் கட்டிக் கும்பிடு என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு ஃபேக்டரியில், அந்த மேக்ரோ ஓடிய எங்கள் போர்டு இருந்த டிரையர் எரிந்தது. விறகுத்துண்டு ஊட்டும் மோட்டார் நிற்கவே இல்லை. தூள் கருகி, புகை மண்டி, யாரோ ஓடிப்போய் மெயினை இழுத்தார்கள். டிரையர்க்காரர் பொன்ராஜ் தூங்கிவிட்டார் என்று பழி. ஆஃப் பட்டனை அழுத்தினேன், நிற்கவில்லை என்று அவர் சொன்னதை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். வேலை போனால் ஃபேக்டரி கொடுத்த லைன் வீடும் போகும். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த மனுஷன் எங்கே போவார்?

வேணி சோறு தண்ணியை மறந்தாள். வரி வரியாகப் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "அவர் பொய் சொல்ற ஆளில்லண்ணா. எங்கேயோ நான்தான் கோட்டை விட்டிருக்கேன்" என்று அழுதாள். நான் வேறு, ஆளே தூங்கியிருப்பான், விட்டுத்தள்ளு என்று எரிந்து விழுந்தேன்.

விசாரணை நாள் காலையில், நான் அப்போதுதான் கொண்டுவந்து வைத்த கொதிக்கும் டீயில் சூடு பார்க்கும் சென்சாரை வெறுப்பில் போட்டாள். மேசையில் மோட்டாருக்குப் பதிலாக நாங்கள் வைத்திருந்த விளக்கு எரிந்தது. ஆஃப் பட்டனை அழுத்தினாள். அணையவில்லை.

விஷயம் இதுதான். பனிக்காலத்தில் சென்சார் அளவு தாறுமாறாக ஆடுகிறது என்று, சராசரி பார்க்க அளவுகளைச் சேர்த்து வைக்கும் அறைகளைக் கூட்டியிருந்தாள். அதில் கடைசி அளவுக்கான அறை நினைவிடத்தின் பாதிக்கு மேலே தள்ளப்பட்டது. அந்தச் சிப்பில் பாதிக்கு மேலே ஒரே எண்ணில் இரண்டு இடங்கள்: முகவரியை வேறோர் இடத்தில் வைத்துச் சுற்றிப் போனால் நினைவிடம், நேராகப் போனால் மோட்டாரை ஓட்டும் சிப்பின் கால். அவளுடைய மேக்ரோ, வெறும் முகவரியாகக் கொடுத்தால் அது எதுவானாலும் நேராகத்தான் போகும். சூடு குறைவாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அளவு மீறினால் அந்தச் சூட்டின் எண்ணே காலில் போய் விழுந்து மோட்டாரை ஓட விடும்; பட்டன் நிறுத்தினாலும் அடுத்த அளவு திரும்ப ஓட்டும். சென்சாரைக் கையில் பொத்திச் சூடாக்கிச் சரிபார்த்த நாங்கள் அந்தச் சூட்டை எங்கே கண்டோம்?

ஜீப் பிடித்துப் போனோம். வழியெல்லாம் "இன்னும் வெரசாப் போங்கண்ணா" என்று டிரைவரின் உயிரை எடுத்தாள். போய்ச் சேர்ந்தபோது விசாரணை முடிந்திருந்தது. பொன்ராஜ் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். தூங்கிவிட்டேன் என்று அவரே ஒத்துக்கொண்டாராம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மேனேஜர் ஸ்ரீநிவாசன் முன்னால் வேணி போர்டை வைத்து, ஃப்ளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரில் சென்சாரைப் போட்டுக் காட்டினாள். "தப்பு என்னோடதுங்க சார். இவர் மேல ஒண்ணுமில்லீங்க" என்றாள். மேனேஜர் அணையாத விளக்கைப் பார்த்தார். பட்டனைத் தானே அழுத்திப் பார்த்தார். உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பொன்ராஜ் மட்டும் அசையவில்லை. பார்க்கிறவர்களெல்லாம் தூங்கினாய், தூங்கினாய் என்று சொல்லிச் சொல்லி அந்த மனுஷனை என்ன பாடு படுத்தியிருக்கிறார்கள். வேணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் தூங்கலைங்களாம்மா?"