நூஹு பாஸ் ஒட்டிய அக்சில்

என் கணவருக்குத் ‘தெரியாது’ என்று சொல்ல வராது. ‘பிழைத்துவிட்டது’ என்று சொல்ல அதைவிட வராது. முப்பத்தொரு வருடமாக அவரோடு குடும்பம் நடத்துகிறவள் நான், எனக்குத் தெரியாதா? சாய்ந்தமருதில் என் உம்மா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீட்டுக்கு, சம்மாந்துறையில் இருந்து மாப்பிள்ளையாக அவர் வந்த அன்று ஒரு சூட்கேஸும் ஒரு கியர் பெட்டியும் கூட வந்தன. சூட்கேஸை அறைக்குள் வைத்தோம். கியர் பெட்டி இன்றைக்கும் குசினிப் படிக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. அதில் கால் இடிபடாத பெண் எங்கள் குடும்பத்தில் இல்லை.

மெக்கானிக்கைப் பாஸ் என்பது ஊர் வழக்கம், அவரை நூஹு பாஸ் என்பார்கள். எங்கள் வளவின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஒரு லேத், ஒரு வெல்டிங் பெட்டி. வயல்காரருக்கு வண்டி கட்டிக் கொடுப்பதுதான் தொழில். உடைந்த வேனின் பின் அக்சிலை எடுப்பார். இரண்டு பின் சில்லுகளையும் இணைக்கும் அந்த இரும்புக் குழாய்க்கு மேலே லேண்ட் மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தின் எஞ்சினைப் பூட்டி, நெல் மூட்டை ஏற்றும் வண்டியாக்கிவிடுவார். சம்மாந்துறை, நிந்தவூர், சொறிக்கல்முனைப் பக்கம் நாற்பது வண்டியாவது அவர் கையால் ஓடுகிறது. அந்த வண்டிகளில் எஞ்சின் சுற்றுவது மறுபக்கம். அதனால் அக்சிலைத் தலைகீழாகப் புரட்டிப் பூட்டினால்தான் வண்டி முன்னுக்குப் போகும். புரட்டினால் எண்ணெய் ஊற்றும் துளை அடிப்பக்கம் போய்விடும். பழைய துளையை அடைத்து, மேலே புதுத் துளை போடுவார். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

அவருடைய காது பேர் பெற்றது. ஸ்குறூட்றைவர் நுனியை ஓடுகிற இரும்பில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எந்தப் பல்லு தேய்ந்திருக்கிறது என்று திறந்து பார்க்காமலே சொல்லிவிடுவார். நான் சொல்வது மட்டும் அந்தக் காதுக்கு எட்டியதே இல்லை.

பதினொரு வருடத்துக்கு முன், மாரி மழை கொட்டிய ஒரு நாளில், பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வளவுக்குள் கொண்டுவந்து விட்டார். நான் நிந்தவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். அன்று பஸ் தவறி, சேறு தெறித்த அபாயாவோடு, காய்ச்சல்காரி போல நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அவர் காருக்கு அடியில் இருந்து தலையை நீட்டினார்.

“கவலப்படாத புள்ள. நீ பென்ஷன் போற அண்டைக்கு இந்தக் கார்ல ஸ்கூல் கேற்றடிக்கு வந்து ஒன்ன ஏத்திட்டு வருவன், இன்ஷா அல்லாஹ்.”

“அதுக்கு இன்னும் பதினொரு வருசம் இரிக்கி மச்சான்.”

“அப்ப நேரம் இரிக்கிதானே.”

நான் விட்ட பிழை ஒன்று உண்டு. அடுத்த நாளே ஆசிரியர் அறையில் போய் இதைச் சொன்னேன். மற்ற டீச்சர்மாரின் கணவன்மார் மோட்டார் சைக்கிளில் வந்து கேற்றடியில் நிற்கும்போது நான் மட்டும் பஸ்ஸுக்கு ஓடுவது எனக்கு எப்போதும் ஒரு குறைதான். அந்தக் குறை பேச வைத்தது. நுணலும் தன் வாயால் கெடும். அன்று முதல் ஒவ்வொரு பள்ளித் தவணையும் “பரீனா டீச்சர், கார் எந்த மட்டில?” என்ற கேள்விதான். கேட்டவர்கள் சிலர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்கள். கேள்வி மட்டும் போகவில்லை.

கார் வந்தபோது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஓடுகிற சாமானை அப்படியே விட அவருக்கு மனம் வருமா? எஞ்சின் சின்னது என்று கழற்றிவிட்டு, ஜப்பான் எஞ்சின் ஒன்றையும் அதன் கியர் பெட்டியையும் பூட்டினார். முதல் ஓட்டத்தில் எங்கள் ஒழுங்கையைத் தாண்ட முன்னமே பின் அக்சிலின் உள் தண்டு படாரென்று முறிந்தது. வேறு தண்டு போட்டார், அதுவும் முறிந்தது. “எஞ்சின்ல பிழயில்ல, அக்சில்தான் நோஞ்சான்” என்றார். அந்தப் பெரிய எஞ்சினைப் பூட்டியது யார் என்று நான் கேட்டேன்.

அதன் பிறகு ஒரு வேன் அக்சில் வந்தது. அது காரைவிட இரண்டு சாண் அகலம், பூட்டினால் சில்லுகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் வெட்டிக் குறுக்கி ஒட்ட வேண்டும். உள் தண்டுகளையும் குறுக்கி லேத்தில் பல்லு வெட்ட வேண்டும். முதலாவது அக்சில் வெல்டிங் சூட்டில் கோணிக்கொண்டது. இரண்டாவதுக்கு அளவை ஓர் ஈர்க்கில் ஒடித்து வைத்தாராம், அந்த ஈர்க்கை நான் கூட்டித் தள்ளிவிட்டேனாம். வீட்டில் லேத் வைத்திருக்கும் மனிதர் ஈர்க்கில் அளவு எடுத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. எட்டு மாதம் குற்றவாளி நான்தான். மூன்றாவது ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை.

கார் கற்களுக்கு மேலே நின்றது. பின் சீற்றில் கோழி அடைகாத்தது, கூரையில் நான் தலையணை உறை காயப்போட்டேன். கொரோனா வந்தது, போனது. நாடு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்ற வருடம் அவர் காரைத் தடவிக்கொண்டு, “பாத்தியா புள்ள, இது ஓடாம நிண்டது எவ்வளவு நல்லதாப் பெயித்து” என்றார். அன்று நான் தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

இந்த வருடம் எனக்கு அறுபது. பென்ஷன் நாள் ஒரு புதன்கிழமை. இரண்டு மாதத்துக்கு முன் நாலாவது அக்சிலில் கை வைத்தார். இடையில் அறுவடை வந்தது. சொறிக்கல்முனைப் புண்ணியமூர்த்தி நெல் வண்டி வேண்டும் என்று வந்து நின்றார். மனிதர் அக்சிலை அரைவாசியில் விட்டுவிட்டு அந்த வண்டியைக் கட்டி முடித்தார். அது முடிந்த கையோடு, மூச்சு வாங்காமல், கார் அக்சிலை ஒட்டினார். துளை போட்டு எண்ணெயும் ஊற்றினார். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, காரின் பின்பக்கத்தை ஜக்கில் ஏற்றி எஞ்சினை இயக்கினார். கியரில் போட்டார். இரண்டு சில்லும் சத்தமில்லாமல் சுற்றின. அவர் ஸ்குறூட்றைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. “தேன் மாதிரி ஓடுது” என்றார். நானும் சில்லுகளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். முப்பது வருடம் பல்லுச் சில்லும் சுழற்சியும் படிப்பித்தவள், அவை எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்று பார்க்கவில்லை. சீற் இன்னும் பூட்டவில்லை, அதனால் வீதியில் ஓட்டிப் பார்ப்பது காலைக்கு என்று வைத்தோம்.

புதன்கிழமை காலை வழக்கம் போலப் பஸ்ஸில் போனேன், கடைசிப் பஸ் என்று நினைத்துக்கொண்டு. பிரியாவிடை நடந்தது. மாலை போட்டார்கள், சுவர் மணிக்கூடு ஒன்று தந்தார்கள். அதிபர் றுக்ஸானா பேசும்போது காரைப் பற்றியும் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டது. மணிக்கூட்டை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு கேற்றடியில் ஒரு கதிரையில் இருந்தேன். பார்க்க வேண்டும் என்றே பாதி ஆசிரியர்கள் போகாமல் நின்றார்கள்.

ஒன்றே முக்கால். இரண்டு. போன் எடுத்தால் அவர் எடுக்கவில்லை. ஒவ்வொருவராகக் கழன்றார்கள். றுக்ஸானா மெல்லக் கிட்ட வந்து, “டீச்சர், என்ட கார்ல கொண்டு விடட்டா?” என்றார். அந்தப் பிள்ளையின் குரலில் இருந்த இரக்கம்தான் என்னைச் சுட்டது. வீட்டுக்குப் போனதும் அந்தக் காரைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுப்பது, அவரையும் சேர்த்து ஏற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. புண்ணியமூர்த்தி.

“டீச்சர், போயிராதீங்க. பாஸ் வாறார். கொஞ்சம் மெல்லமாத்தான் வாறார்.”

“எங்க வாறார்?”

“காரைதீவத் தாண்டிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் டீச்சர், ஏசாதீங்க.”

என்ன சறுக்கியது என்று அவர் சொல்லவில்லை. இருபது நிமிடம் கழித்து, மா அரைக்கும் ஆலை போல அலறிக்கொண்டு அந்தக் கார் வந்தது. நடந்து போகிறவர்கள் அதை முந்திக்கொண்டு வந்தார்கள். பின்னால் இரண்டு பஸ், ஒரு உழவு இயந்திரம், எண்ண முடியாத ஓட்டோக்கள், எல்லாம் ஹோர்ன் அடித்தன. உள்ளே என் கணவர், வெள்ளைச் சேர்ட், தொப்பி, நெற்றியில் கிறீஸ், நேரே பார்த்தபடி. கேற்றடியில் நிறுத்தி, இறங்கி, எனக்குக் கதவு திறந்துவிட்டார். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. நின்ற நாலைந்து பேரும் கை தட்டினார்கள்.

ஏறினேன். திருப்ப வேண்டும். ஒன்றாம் கியரில் போட்டார், கார் பின்னுக்குப் போனது. றிவேர்ஸில் போட்டார், முன்னுக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதே அலறலோடு பிரதான வீதியில் ஏறினோம்.

கொஞ்சத் தூரம் போனதும் அவரே வாயைத் திறந்தார்.

“பிழைச்சிட்டு புள்ள.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“கை பழகிட்டு. புண்ணியமூர்த்திட வண்டிக்கு ஒட்டின மாதிரியே இதுக்கும் தலைகீழா ஒட்டிட்டன். ஓட்டையும் போட்டு எண்ணெயும் ஊத்திட்டன் பாரு. நாலு கியரும் பின்னுக்கு, றிவேர்ஸ் மட்டுந்தான் முன்னுக்கு.”

“ஒரு ஓட்டோ பிடிச்சி வந்திரிக்கலாமே மச்சான்.”

“கார்ல வாறன் எண்டுதானே சொன்னன்.”

‘பிழைத்துவிட்டது’ என்று அவர் என்றைக்காவது சொன்னால் என்னவெல்லாம் திருப்பிச் சொல்வது என்று நான் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். ஈர்க்குக் கதை, கோழி, கியர் பெட்டி, எல்லாம். ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது, அதுவும் கோபத்தில் இல்லை. ஒரு கிழவன் தன் கை விட்ட பிழையை ஊர் பார்க்க ஐந்து மைல் ஓட்டிக்கொண்டு எனக்காக வந்திருக்கிறான். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். “அடிக்கட்டும், மெல்லப் போங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பரீனாவாகிவிட்டேன். இனி இந்த அக்சிலைக் கழற்றினால் சம்மாந்துறைக்குப் போய்விட வேண்டியதுதான், இது என் வளவு என்று தெளிவாகச் சொன்னேன். ஓம், ஓம் என்றார்.

அடுத்த நாள் விடிய சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்தால் ஸ்பனர் சத்தம். கார் கற்களுக்கு மேலே, சில்லுகள் இரண்டும் கழற்றியாகிவிட்டது. அக்சில் நிலத்தில் கிடந்தது. என் வாய் திறக்க முன்னமே கொட்டிலுக்குள் இருந்து அவர் குரல் வந்தது.

“புள்ள, ஒட்ட முதல் ஒருக்கா வந்து பாரேன். நான் ஷாப்ட்டக் கையால சுத்துறன், எந்தப் பக்கம் ஓடுது எண்டு நீ சொல்லு. நீ சொன்னாத்தான் ஒட்டுவன்.”

இத்தனை வருடத்தில் அந்தக் கொட்டிலுக்குள் வா என்று அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. ஏச வந்தவள் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்சிலுக்கு முன்னால் இருந்தேன்.

“சுத்துங்க. கண்ண மூடாம சுத்துங்க.”

நான் பென்ஷன் எடுத்து இன்னும் ஒரு நாள் ஆகவில்லை.