உம்மாவின் குரல் செயினில் ஏறிய கதை

பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் உங்களை "கொப்பிக்காரர்ர புள்ளைகள்" என்று யாரோ சொன்னதாக ஒருநாள் அழுதுகொண்டு வந்தீர்கள். நடந்தது முழுவதையும் இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் வென்றது நாங்கள்தான்.

சாய்ந்தமருதில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் எனக்குப் படம் பிடிப்பதில் ஓர் ஆசை. ஒலுவில் துறைமுகத்துக்கு விடியலில் படகுகள் மீனோடு வருவதை போனில் வீடியோ எடுத்தேன். நீங்களும் உங்கள் உம்மாவும் கூட நின்றீர்கள். கட்டாரில் இருக்கும் உங்கள் மாமா, அதை முதலில் பிளொக்செயின் தளம் ஒன்றில் போடச் சொன்னார். அதற்கென்று ஒரு முதலாளி இல்லையாம். படம் பலருடைய கம்பியூட்டர்களில் இருக்கும். எப்போது போட்டோம் என்ற பதிவும் எல்லாவற்றிலும் இருக்கும். நிக்காஹ்வுக்கு இரண்டு சாட்சி வைக்கிறோம், இங்கே ஊர் உலகமே சாட்சி என்று நான் விளங்கிக்கொண்டேன். "செயினில போட்டுட்டன்" என்று வீட்டில் சொன்னபோது உம்மா பதறிக் கழுத்தைத் தடவிப் பார்த்தா.

பிறகுதான் கவனித்தேன். படத்தின் கடைசியில் உம்மாவின் குரல்: "படம் எடுத்தது காணும். சூரை மீன் முடியப்போகுது, வாங்கிட்டு வாங்க." தன் குரல் அந்நிய ஆண்களின் காதில் விழுவது அவவுக்கு விருப்பமில்லை. அழிக்கப் பார்த்தேன், வழியில்லை. "சாட்சி சொன்னவன்ட வாய மூடேலாது மச்சான்" என்று மாமா போனில் சிரித்தார். அன்று எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

அந்தத் தளத்தில் பார்க்கிறவர்கள் குறைவு என்று மனதைத் தேற்றிக்கொண்டு, குரலை வெட்டிய பிரதியை எல்லாரும் பார்க்கும் வழமையான வீடியோத் தளத்தில் போட்டேன். அதே தளத்தில் உள்ள பெரிய பக்கம் ஒன்று அதை எடுத்துத் தன்னுடையது என்று போட்டது. போதாததற்கு, நான்தான் களவெடுத்தேன் என்று முறைப்பாடும் செய்தது. தளம் என் படத்தைத் தூக்கிவிட்டது. கடைக்கு வந்த ஒருவர் அடையாள அட்டையைக் கொப்பி மெசின் கண்ணாடியில் வைத்துக்கொண்டே, "எதைக் கண்டாலும் கொப்பி எடுப்பீங்க போல, நானா" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார். நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் உங்கள் பள்ளிக்கூடம் வரை போனது.

என்னிடம் ஆதாரம் இருந்தது. செயினில் அவர்கள் போட்டதற்கு முந்திய பதிவு, அவர்களிடம் இல்லாத குரலோடு. ஆனால் தளத்துக்கு அனுப்பினால் யார் யாரோ அந்தக் குரலைக் கேட்பார்கள். சோறு போட்டுக்கொண்டிருந்த உம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவ அகப்பையைக் கீழே வைத்தா.

"நான் என்ன கெட்ட கதையா கதைச்சன்? மீன் வாங்கச் சொன்னன். அனுப்புங்க. புள்ளைகள் தலை நிமிந்து போகட்டும்."

அனுப்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போகக் கடையைப் பூட்டும்போது பதில் வந்தது. என் படம் திரும்ப ஏறியிருந்தது; அவர்களுடைய பிரதி இல்லை. அது சாய்ந்தமருதுக்காரர் ஒருவர் எடுத்த படம் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதவும் செய்திருந்தார்கள். அடையாள அட்டைக்காரர் பள்ளிவாசல் முற்றத்தில் என் கையைப் பிடித்து, சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி, "இவர்தான் ஒரிஜினல்" என்றார். வீட்டுக்கு வரும்வரை என் கால் நிலத்தில் படவில்லை.

பின்னேரம் கடையில் யாரும் இல்லாத நேரம் ஷட்டரைப் பாதி இறக்கினேன். பேப்பர் வந்த மட்டைப்பெட்டியைப் பிரித்து தொழுகைக்குத் திரும்பும் கிப்லாப் பக்கம் விரித்தேன். அதில் நெற்றியை வைத்து நன்றிக்கு ஒரு சுஜூது செய்தேன். பிறகு எழும்பி, ஷட்டரை மேலே தள்ளினேன்.