கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது

மகளைச் சிலம்ப வகுப்பில் விடப் போய், சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் கம்பைப் பிடித்தவள். பெரம்பலூரில் அதற்கே என் காதுபடப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் முதல் போட்டி அரியலூரில். களத்தில் இறங்கும்போது நடுவர் என் கழுத்தைப் பார்த்துத் தயங்கினார். ஆடுபவர் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. வளையலையும் தோட்டையும் கழற்றியிருந்தேன். தாலிச் சங்கிலி மட்டும் கிடந்தது.

"அதெல்லாம் கழட்ட வேணாம்மா. போட்டி எதுக்கு, சும்மா கொஞ்ச நேரம் சுத்திக் காட்டிட்டுப் போங்க" என்றவர், ஓரமாக நின்ற என் கணவரிடம் திரும்பி, "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது.

"கம்பு சுத்தப்போறது நான். என்னைக் கேளுங்க சார்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாலியைக் கழற்றிக் கணவரின் கையில் வைத்தேன். பின்னால் ஒரு பெண், "புருசனுக்கு ஆகாதே" என்று முணுமுணுத்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் கம்பை எடுத்துக்கொண்டேன்.

எதிரே நின்ற கல்லூரிப் பெண்ணை ஜெயித்துவிட்டு வெளியே வந்தால், இவர் சட்டைப் பையைக் கையால் பொத்தியபடியே நிற்கிறார்.

"போட்டு விடவா?" என்றார் மெதுவாக.

"அடுத்த ஆட்டம் இருக்குங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

அந்த ஆட்டத்தில் நன்றாக அடி வாங்கித் தோற்றேன். அதன் பிறகு தாலியை வாங்கி நானே போட்டுக்கொண்டேன். இப்போதெல்லாம் யாரும் கேட்பதற்கு முன்பே கழற்றிக் கொடுத்துவிடுகிறேன். ஆகாது என்றவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். போட்டிக்குப் போகும்போது என் கம்பைத் தூக்கி வருவதே அவர்தான்.