காந்தம், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய்: விளாங்குடியில் படகு வாங்கிய கதை

மதுரையில் படகு வாங்கினேன் என்றால் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என்னைப் போல யாராவது கிளம்பினால் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

2007 பிப்ரவரி. வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. தல்லாகுளத்து மாடி போர்ஷனில் பத்தொன்பது வருடம் இருந்தாயிற்று, இனி ஆலப்புழைக் காயலில் ஒரு படகை வீடாக்கிக்கொண்டு வாழ்வது என்று முடிவெடுத்திருந்தேன். என் முடிவுதான். மனைவி கோதைக்கு நீச்சல் தெரியாது. அவள் வராவிட்டால் படகு வாங்கியும் பயனில்லை, தனியாகப் போய் நான் என்ன செய்ய?

அந்த நேரத்தில் பேப்பரில் ஒரு வரி விளம்பரம் வந்தது: இம்போர்ட்டட் ஸ்டீல் போட், விளாங்குடி. இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான இரும்புப் படகு அது. நேரோபோட் என்பார்கள். பட்டு வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக்காரர் ஒருவர், கண்மாய்க்கரையில் ரிசார்ட் கட்டப்போகிறேன் என்று இடைத்தரகர் ஒருவர் மூலம் இறக்குமதி செய்திருக்கிறார். அனுமதி கிடைக்கவில்லை. படகு திண்டுக்கல் ரோட்டோரத் தகரக் கொட்டகையில், கட்டைகள் மேல் இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தது.

முதல் தடவை நான் மட்டும் போனேன். ஸ்கூட்டர் மீட்டரில் ஏழு கிலோமீட்டர். நாற்பது அடி நீளம், ஏழடிக்கு இரண்டு அங்குலம் குறைவான அகலம். குறைந்துவிடுமோ என்பது போல மூன்று தடவை அளந்தேன். உள்ளே இன்ஜினும் வெறும் இரும்புக் கூடும்தான். பளபளவென்று கறுப்புப் பெயின்ட், ஓரத்தில் இங்கிலாந்துக் கம்பெனியின் பித்தளைத் தகடு. அந்தத் தகட்டைப் பார்த்ததுமே நான் விழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கோதை கேட்டாள்: "தகடு இருக்கட்டும். அடிப்பக்கம் எப்படி இருக்குன்னு யாரு பாத்தா?"

"மதுரையில படகு தெரிஞ்ச ஆளுக்கு நான் எங்க போறது?"

"தண்ணி லாரிக்குத் தொட்டி செய்றாரே பாண்டி, அவரு உள்ள இருக்குற தண்ணி வெளிய போகாமப் பாக்குறவரு. வெளிய இருக்குறது உள்ள வராமப் பாக்கத் தெரியாதா?"

பாண்டியின் பட்டறை தேனி ரோட்டில், கீழக்குயில்குடி பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மறுநாள் காலை 7.10க்கு இருவரும் கிளம்பினோம். பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். பாண்டி முன்பே போனில் சொல்லியிருந்தபடி, ரேஷன் மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர் கோதையின் மடியில் இருந்தது. அவர் ஒரு சுத்தியல், சுண்ணாம்புப் பொட்டலம், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு தன் மொபெட்டில் வந்தார். பைபாஸ் வழியாக விளாங்குடி போய்ச்சேர 8.40.

பாண்டி கட்டைகளுக்கு நடுவே மல்லாந்து படுத்து, வெல்டிங் ஓட்டத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். "வெல்டு வச்சவன் கை சுத்தம்ணே. எங்கயும் அவசரப்படல." அடித்தகடு பத்து மில்லிமீட்டர் கனம், பக்கம் ஆறு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கோதையைப் பார்த்தேன், அவள் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்பக்கம், இன்ஜினுக்குக் கீழே, பாண்டி ஒட்டிப் பார்த்த காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"அண்ணே, இங்கன இரும்பு ஆழத்துல கெடக்கு. மேல பட்டி பாத்திருக்காக."

கார் ஒடுக்கை மறைக்கப் பூசுவார்களே, அதே பட்டி. கூடவே நின்ற பட்டு வியாபாரி நம்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கீழே நுழைந்து காந்தத்தை வைத்துப் பார்த்தார். மூன்றாவது தடவையும் விழுந்ததும் முகம் சுண்டிவிட்டது. செல்போனில் தம்பியைக் கூப்பிட்டு அவர்கள் வீட்டு மொழியில் வெகுநேரம் பேசினார். கப்பலில் இருந்து இறக்கும்போது எங்கோ அடிபட்டிருக்கிறது, இடைத்தரகர் அதை மூடி மறைத்து விற்றுவிட்டார். வியாபாரிக்கே அன்றுதான் தெரிந்தது.

பட்டியைச் சுரண்டியபோது மூன்றடி நீளத்துக்கு விரிசலை ஒட்டிய வெல்டிங் தெரிந்தது. வெளியே சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெயைத் துணியால் ஒற்றினார் பாண்டி. இருபது நிமிடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரமாக ஒரு கோடு எழும்பியது. தண்ணீர் நுழையாத சந்திலும் மண்ணெண்ணெய் நுழையும், அதற்குத்தான் இந்த வேலை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் பாண்டி மேல்தான் வந்தது. "மூணடிதானே, மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றேன். கோதை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"வாங்குவோம்" என்றாள். "ஆனா நான் பாக்க வெட்டி எடுக்கணும். நான் பாக்கப் புதுத் தகடு வைக்கணும்."

"வெயில்ல ரெண்டு நாளு ஆகும் மதினி."

"ஆகட்டும்."

செலவு வியாபாரியுடையது, மறுப்பே சொல்லவில்லை. இரண்டு நாளும் கோதை வெல்டிங் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தாள். நான் டீ வாங்கி வந்தேன், அவ்வளவுதான் என் பங்கு. கடைசியில் மறுபடி சுண்ணாம்பு, மறுபடி மண்ணெண்ணெய். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. இறக்குமதி என்ற சொல்லுக்கு எடை கிடையாது, காந்தத்தை நம்புங்கள். புதுப் பெயின்ட் இருக்கிற இடத்தை முதலில் பாருங்கள். உள்ளூரில் படகு ஆசாரி இல்லையென்றால் தொட்டி செய்பவரைக் கூட்டிப்போங்கள். டிரெய்லர் லாரி மலைப்பாதையில் திரும்பாது, ஆலப்புழைக்கு நாகர்கோவில் வழிதான், இரண்டு பகல் வேண்டும். படகின் விலையைச் சொல்லக்கூடாது என்பது வீட்டு உத்தரவு.

இப்போது காயலில்தான் இருக்கிறோம். பின்பக்க அறையில், அந்த ஒட்டுத் தகட்டுக்கு நேர் மேலே பாயைப் போட்டுத்தான் கோதை மதியம் தூங்குகிறாள். முன்பக்கம் காற்று நன்றாக வருமே, அங்கே படுக்கலாமே என்றேன்.

"இது நான் பாக்க வச்ச தகடு" என்றாள். "மத்ததை யாரு வச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"