கயிற்றைத் தொட்டவர்

ஏர்கன் என்னும் காற்றுத்துப்பாக்கி சுடுவோர் சங்கத்தில் அவரை எல்லோரும் 'லிஃப்ட்' என்றுதான் கூப்பிட்டார்கள். "யாராவது லிஃப்ட்டைக் கூப்பிடுங்கப்பா, முயல் விழ மாட்டேங்குது" என்று மைதானத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து குரல் வரும். ஐம்பத்திரண்டு வயது மனிதர், ஸ்பேனரைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓடுவார். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். கம்பிக்கயிறு, ஸ்பிரிங், கொக்கி என்று பழகிய அந்தக் கையைப் பார்த்ததுமே சங்கத்துக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. பதினோரு வருடம் ஓடவிட்டார்கள்.

விளையாட்டு என்னவென்றால், புதருக்கும் மரத்துக்கும் நடுவே காக்கை, முயல், எலி உருவத்தில் இரும்புத் தகடுகள் நிற்கும். தகட்டில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் ஒரு துடுப்பு. ஈய ரவை ஓட்டைக்குள் புகுந்து துடுப்பைத் தட்டினால், தகட்டைப் பிடித்திருக்கும் கொக்கி விடுபட்டுத் தகடு மல்லாக்க விழும், ஒரு மதிப்பெண். ஓட்டைக்கு வெளியே பட்டால் தகடு உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும். விழுந்த தகட்டை நிமிர்த்த, சுடுகிற இடம்வரை ஒரு நைலான் கயிறு. தூரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். இருபது மீட்டராகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். துப்பாக்கிமேல் இருக்கும் தொலைநோக்கியின் சக்கரத்தைத் திருகி, படம் தெளிகிற இடத்தில் உள்ள எண்ணைப் படித்து நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக் குழல் நுனியில் கட்டிய கம்பளி நூல் சொல்லும். உலகத்தில் எத்தனையோ பேர் இதைவிடச் சிரமம் குறைந்த வழிகளில் ஞாயிற்றுக்கிழமையைப் பாழாக்குகிறார்கள்.

தகடுகளை நடுபவருக்குத் தூரம் தெரியும். அதனால் நடுபவர் போட்டியில் சுடக் கூடாது. லிஃப்ட்தான் நடுபவர். வார நாள் மாலைகளில் தனியாகச் சுட்டுப் பழகுவார். அவர் சுட்டுத் துளைத்த அட்டைகளைப் பார்த்தால் சங்கத்தில் பாதிப் பேருக்கு வயிறு எரியும். அவற்றை யாரும் கேட்டதில்லை. பரிசளிப்பு விழாவில் "இவர் இல்லேன்னா நாம இல்ல" என்பார் செயலாளர். எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு குழுப்படம் எடுக்கச் சொல்லி கேமராவை அவர் கையிலேயே கொடுப்பார்கள்.

இந்த வருடம் நீள்தூரப் போட்டியில் முதல் ஆறு இடம் பிடிப்பவர்கள் சங்கத்தின் அணியாக வெளிநாடு போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. லிஃப்ட், "நான் சுடறேன்" என்றார். "அப்போ தகடு யார் நடறது?" என்றுதான் கமிட்டி முதலில் கேட்டது.

வீட்டில், மருந்துக்கடை கவுன்ட்டரில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த மனைவி சொன்னாள்: "பதினோரு வருஷமா காக்காவுக்குப் பெயின்ட் அடிச்சீங்க. போதும். அந்த ஆறு பேர் லிஸ்ட்ல உங்க பேரை நான் பாக்கணும். இல்லேன்னா துப்பாக்கிய வித்துட்டு எனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக் குடுங்க."

தகடு நடும் வேலையை மனைவியின் தம்பி ஏற்றுக்கொண்டான். திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறவன். தொங்கவிடத் தெரிந்தவன், நடவும் செய்வான் என்று கமிட்டி முடிவு செய்தது.

"கொக்கிக்கெல்லாம் எண்ணெய் போட்டியா?" என்று போட்டியன்று காலை லிஃப்ட் கேட்டார்.

"போட்டாச்சு மாமா. நீங்க இன்னிக்கு போட்டியாளர். பேசாம உக்காருங்க."

இருவர் இருவராகச் சுட வேண்டும். ஒருவர் சுடும்போது மற்றவர் அவருடைய மதிப்பெண் அட்டையில் குறிப்பார். சீட்டுக் குலுக்கியதில் லிஃப்ட்டுக்கு ஜோடியாக வந்தவர் பல் டாக்டர், அதாவது சங்கத்தின் செயலாளர். காலை முழுக்க இருவரும் தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்து, முழங்கால்மேல் துப்பாக்கியைத் தாங்கி, மாறி மாறிச் சுட்டார்கள். ஐம்பது இலக்குகள். நாற்பத்தொன்பது முடிந்தபோது இருவரும் நாற்பத்தொன்று. ஐம்பதாவதில் டாக்டர் முதலில் சுட்டு, தவறவிட்டார். முதல் ஐந்து இடங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. ஆறாவது இடம் இவர்கள் இருவரில் ஒருவருக்கு. சமமானால், அதிகப் போட்டிகளில் சுட்டவருக்கு முன்னுரிமை. லிஃப்ட்டுக்கு இதுதான் முதல் போட்டி. ஆக, இந்தக் காக்கை விழுந்தே ஆக வேண்டும்.

சக்கரத்தைத் திருகினார். தொண்ணூற்றாறு மீட்டரில் காக்கையின் சிறகு விளிம்பு பளிச்சென்று தெளிந்தது. கம்பளி நூல் இடதுபுறம் சாய்ந்தது, தளர்ந்தது, மறுபடி சாய்ந்தது. தளர்கிற நேரத்துக்குக் காத்திருந்து விசையை அழுத்தினார்.

தகட்டின் முகத்தில் பட்டால் 'டங்' என்று கேட்கும். துடுப்பில் பட்டால் 'தப்'. இந்த வித்தியாசத்தைப் பதினோரு வருடம் காதில் வாங்கியவர் அவர். கேட்டது 'தப்'. காக்கை நடுங்கியது, ஒரு விரற்கடை பின்னால் சாய்ந்தது, அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் போட்டியாளர் செய்ய வேண்டியது துப்பாக்கியை வைத்துவிட்டுக் கையைத் தூக்குவது. நடுவர் வந்து, தகடு பழுதா என்று பார்ப்பார். பழுதென்றால் மறுபடி சுடலாம். ஆனால் கொக்கி மாட்டிக்கொண்டதை உணர்ந்ததும் அந்தக் கைக்குப் போட்டியாவது, அணியாவது! அது நேரே கயிற்றுக்குப் போனது. இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீள இழுப்பு. காக்கை 'க்ளிக்' என்று நிமிர்ந்தது.

"கொக்கி மாட்டிக்கிச்சு. எண்ணெயே போடல" என்று முகமெல்லாம் மலர்ந்து திரும்பினார் லிஃப்ட்.

பல் டாக்டர் பென்சிலைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடடா, கயித்தைத் தொட்டுட்டீங்களே" என்றார், வேறு பல்லைப் பிடுங்கிவிட்ட பிறகு நோயாளியிடம் பேசுகிற குரலில்.

தலைமை நடுவர் வந்தார், கணக்கு வாத்தியார். சோதனைக்கு ஒரு ரவை சுட்டார். காக்கை பட்டென்று விழுந்தது.

"நல்லாத்தானே விழுது?"

"நான் சரி பண்ணிட்டேன் சார். அதான் விழுது."

"சரி பண்ணலேன்னா?"

"விழுந்திருக்காது."

"அப்போ ஏன் சரி பண்ணீங்க?"

லிஃப்ட் ஸ்பேனரைத் தேடுவதுபோல் பின்பாக்கெட்டைத் தடவினார். அன்றைக்கு அது காலியாக இருந்தது.

"உங்களுக்கு என்ன சத்தம் கேட்டுச்சு?" என்று வாத்தியார் டாக்டரைக் கேட்டார்.

"சத்தம் கேட்டுச்சு. என்ன சத்தம்னு பிரிச்சுச் சொல்ற அளவுக்கு எனக்கு ஞானம் இல்ல சார். அதெல்லாம் நம்ம லிஃப்ட்டுக்குத்தான் தெரியும்."

டாக்டர் பொய் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். உண்மையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர், அவ்வளவுதான்.

'கயிற்றைத் தொட்டபின் முறையீடு இல்லை.' விதி ஏழு. கோபத்தில் கயிற்றை இழுத்து அறுக்கிறவர்களின் தொல்லை தாங்காமல், ஆறு வருடம் முன்பு இந்த விதியைக் கேட்டு வாங்கியவர் லிஃப்ட்தான். டாக்டர் அதையும் வருத்தத்தோடு நினைவுபடுத்தினார்: "நாங்க அன்னிக்கே வேணாம்னோம்."

அட்டையில் பெருக்கல் குறி விழுந்தது. சுட்டவரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்.

திரும்பும் வழியில் மைத்துனன் கூடவே நடந்து வந்தான். "நாப்பத்தொம்பதுக்குப் போட்டேன் மாமா. சத்தியமா. கடைசிக்கு வரும்போது டப்பா தீந்துடுச்சு. ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன்."

"ஒண்ணுதான்" என்றார் லிஃப்ட்.

மறுநாள் மாலை சங்கத்தின் பட்டியல் கைப்பேசிக்கு வந்தது. மனைவி வாங்கிப் பார்த்தாள். ஆறு பெயர்கள். ஆறாவது, பல் டாக்டர். அதற்குக் கீழே ஏழாவது வரி: 'உடன் செல்பவர், துப்பாக்கி மற்றும் இலக்குப் பராமரிப்பு: லிஃப்ட்.'

"இது பேரா?" என்றாள். "நான் கட்டிக்கிட்டது மனுஷனையா, லிஃப்ட்டையா?"

"டாக்டர் போன் பண்ணாரு. நீங்க இல்லாம நாங்க எப்படிப் போறதுன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கைப்பேசியை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அங்க காத்து ஜாஸ்தியாம். ரவை போற வழியே மாறிடுமாம். துப்பாக்கிய தினம் சரி பாக்கணும். இவங்களுக்கு ஒரு திருகு திருகத் தெரியாது."

"ஏங்க, என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்."

"என் பாஸ்போர்ட் எங்க வச்ச?"

அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அலமாரியின் மேல்தட்டில், பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் இருந்ததை அவரே துழாவி எடுத்துக்கொண்டார்.