ஐந்தரைக் கட்டை

மருத்துவமனைத் துணிப் பிரிவில் இஸ்திரி போடும் பெரியக்காவுக்கு வாரத்தில் ஆறு நாள் நீராவியும் வெள்ளைத் துணியும்தான். ஏழாம் நாள் காலையில் அதே வளாகத்துப் பிரார்த்தனை மண்டபத்தில் ஆர்மோனியத்தின் முன் உட்காருவார். படுக்கை விரிப்பின் நான்கு முனையும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் பிரித்து மறுபடி மடிக்கிறவர், பாட்டிலும் அப்படித்தான். யாரிடமும் போய்க் கற்கவில்லை. கேட்டுக் கேட்டு, கட்டைகளைத் தடவித் தடவித் தானே பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வருடமாகப் பாட்டின் முதல் வரி அவருடையது. மற்றவர்கள் பின்னால்தான் வருவார்கள்.

அந்த முதல் வரிக்குத்தான் ஆபத்து வந்தது. தம்பி கல்யாணம் செய்துகொண்டான். அவன் மனைவி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து சும்மா கூடப் பாடினாள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. இரண்டாம் மாதம் மண்டபப் பொறுப்பாளர் வந்தார்.

"பெரியக்கா, அடுத்த வாரம் உங்க தம்பி சம்சாரம் முதல் வரி எடுக்கட்டுமே. உங்களுக்கும் ஓய்வா இருக்கும்."

"ஓய்வு வேணும்னு நான் கேட்டேனா?"

"கேக்கலதான்..."

"பாடட்டும். நானா வேணாங்குறேன்?"

வயிறு எரிந்தது. ஆனால் அதைக் கடவுளிடம் அப்படியே சொல்ல வாய் வரவில்லை. 'அவளுக்குக் கொஞ்சம் பணிவைக் கொடு' என்றுதான் தினமும் மன்றாடினார்.

மனநல மருத்துவருக்கு இஸ்திரி போட்ட கோட்டுகளைக் கொடுக்கப் போனபோது மெதுவாகக் கேட்டார். "டாக்டர், பொறாமைக்கு மாத்திரை இருக்கா? எனக்கில்ல, தெரிஞ்சவங்களுக்கு. ஒருத்தி நல்லாப் பாடுறா, அவங்களுக்குத் தாங்கல."

"இருந்தா முதல்ல நானே போட்டுப்பேன். எதிர் ரூம் டாக்டருக்கு எவ்வளவு கூட்டம், பாத்தீங்கல்ல?" என்று சிரித்தார் மருத்துவர். "அவ பாடும்போது உங்க ஆளு என்ன பண்ணுவாங்க?"

"கேக்குறவங்க மூஞ்சியையே பாத்துட்டிருப்பாங்க."

"அப்போ பாட்டு?"

பெரியக்கா கோட்டின் கையை இன்னொரு முறை நீவிவிட்டு வந்துவிட்டார்.

அவருக்குக் கனத்த குரல். தாழ்வாக, நாலாம் கட்டையில் சுருதி வைத்தால்தான் சரிப்படும். அதனால் மண்டபமே நாலு கட்டையில்தான் பாடும். அதை ஐந்தரைக்கு ஏற்றிவிட்டால் மேல் வரியில் எந்தக் குரலும் கிழிந்துபோகும் என்று கணக்குப் போட்டார். சிக்கல் என்னவென்றால், அவருடைய விரல்களுக்கும் நாலைத் தவிர வேறு தெரியாது. ஒரு வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்தைத் திறந்து அவள் எடுக்கப்போகும் அந்த ஒரு பாட்டை ஐந்தரையில் பழகினார். கடவுளுக்காகக்கூட அவ்வளவு கவனமாக எதையும் பழகியதில்லை.

அந்த நாள் வந்தது. சுருதியைக் கேட்டதும் தம்பி மனைவி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பிறகு பாடினாள். மேல் வரியில் குரல் கிழியவில்லை, விரிந்தது. இத்தனை வருடம் தொண்டைக்குள் முனகிக்கொண்டிருந்த பின்வரிசைப் பெண்களும் வாயைத் திறந்து பாடினார்கள். சேர்ந்து பாடப்போன பெரியக்காவுக்கு மட்டும் வெறும் காற்றுதான் வந்தது.

"என்ன மனசுக்கா உங்களுக்கு! அவளுக்காகச் சுருதியையே மாத்திட்டீங்களே. இனிமே இதையே வைங்க" என்று பின்வரிசைத் தையல்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியக்கா கையை உருவிக்கொண்டார்.

அடுத்த வாரம், பாட்டு தொடங்குமுன், தம்பி மனைவி ஆர்மோனியத்தின் மேல் குனிந்தாள்.

"அக்கா, இன்னிக்கு நாலுலயே வைங்க. எனக்குக் கீழயும் வரும். முதல் வரி நீங்க எடுங்க."

"என்ன திடீர்னு?"

"போன வாரம் எதுக்கு ஏத்தினீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. யார்கிட்டயும் சொல்லல."

அவள் முகத்தில் ஏளனம் துளிகூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. குரலில் ஜெயித்தது போதாதென்று குணத்திலும் ஜெயிப்பாளா? கேட்ட பணிவைக் கடவுள் மூட்டை மூட்டையாக அள்ளிக் கொடுத்திருந்தார்.

"உன் தயவுல நான் பாடணுமா? போய் நில்லு" என்று ஐந்தரையில் விரலை வைத்தார். "முதல் வரி உன்னோடதுதான். பிசகினா, எனக்குக் காது இருக்கு."

அன்று அவர் வாய் திறக்கவில்லை. துருத்தியை அசைத்துக்கொண்டே, வழக்கம்போல முகங்களைப் பார்க்கத் தலையைத் தூக்கினார். விரல் தடுமாறியது. ஐந்தரையில் பழகாத வேறு பாட்டு. கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. குனிந்தார். அப்படிக் குனிந்திருந்தபோதுதான் பாட்டு காதில் விழுந்தது.

நன்றாகத்தான் பாடினாள். வயிறு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.